விசாகமும் வெசாக்கும்: திருகோணமலையில் நாலு நாள்

முதலாம் நாள், செவ்வாய், 2024 மே 21

ஹொரவப்பொத்தானை தாண்டியதும் வீதியின் நிறமே மாறிவிட்டது. கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டி பௌத்தக் கொடி. நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள், கடைசியில் இந்த ஐந்தையும் மேலிருந்து கீழாக அடுக்கிய ஆறாவது பட்டை. புத்தருடைய உடலிலிருந்து ஞானம் பெற்ற வேளையில் ஆறு கதிர்கள் எழுந்தன என்பது நம்பிக்கை. கொடி அதைத்தான் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் விடியற்காலை ஏறி, வவுனியாவில் தேத்தண்ணி குடித்து, அரைத் தூக்கத்தில் வந்த நான் அதோடு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பது வயது வரைக்கும் நான் திருகோணமலைப் பிள்ளை. அப்பா கச்சேரியில், அதாவது அரச அலுவலகத்தில், கிளாக். புத்தர் பிறந்த பௌர்ணமியைக் கொண்டாடும் வெசாக் மாதம் பிறந்தால் அவரோடு வேலை செய்த சிங்கள நண்பர்கள் அனுப்பும் வெசாக் கார்டுகள் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் வரிசையாக நிற்கும். போயா என்கிற பௌர்ணமி இரவில் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி, மின்குமிழ் எரியும் கதைப் படங்கள் நிறைந்த தோரணம் காட்டக் கொண்டுபோவார். 1985இல் ஊரை விட்டுப் போனோம். அதன் பிறகு எத்தனையோ தரம் திருகோணமலைக்கு வந்திருக்கிறேன், கோணேசர் தரிசனத்துக்கு, கலியாணவீட்டுக்கு, செத்தவீட்டுக்கு. வெசாக்குக்கு வந்ததே இல்லை. அப்பா போய் மூன்று வருடமாகிறது. இந்த முறை வெசாக்கைப் பார்த்தே ஆகவேண்டும் என்று வந்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் வரலாறு படிப்பிக்கிறவள். ‘இராசராசப் பெரும்பள்ளி’ என்ற பெயரை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதுகிறேன். அது திருகோணமலையிலிருந்து ஒரு ஓட்டோ ஓட்டத்தில் இருக்கிற பழைய பௌத்த விகாரை. அதை இன்னும் என் கண்ணால் கண்டதில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

பஸ்ஸால் இறங்கினால் கச்சான் காற்று முகத்தில் அறைந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்தில் சோளகம் என்பதை இங்கே கச்சான் என்பார்கள். அங்கே அது புழுதி, இங்கே அது நெருப்பு. உப்புவெளியில் பெரியம்மா வீட்டு விறாந்தையில் காலை வைக்க இடமில்லை. மூங்கில் சிலாகை, சணல் நூல், கோதுமை மாப் பசை நிரம்பிய மைலோ டின், வெள்ளையும் நீலமுமாக டிசுத் தாள்.

“வந்திட்டியே பிள்ளை? அந்தக் கரையால வா, பசையில மிதிச்சுப்போடாத,” என்றார் பெரியம்மா.

கட்டுவது வெசாக் கூடு, தாள் ஒட்டிய விளக்கு. அது பெரியம்மா வீட்டுக்கில்லை. பக்கத்து வீட்டுக்கு. அங்கே இருப்பவர் ஒரு சிங்கள நேர்ஸ் அக்கா. அவருடைய வீட்டு முன்பக்கம் சின்னது, அதனால் பெரியம்மாவின் விறாந்தையில் வேலை நடக்கிறது. வேலைக்காரன் பெரியம்மாவின் பேரன், பதின்மூன்று வயது. உதவிக்கு நேர்ஸ் அக்காவின் மகள். பார்த்துக்கொண்டிருந்த என்னையும் இழுத்துவிட்டான்.

“ஆறு சதுரம் கட்டுங்கோ அன்ரி. மூலையோட மூலையை முடியுங்கோ. மிச்சம் தானா வரும்.”

ஒரே அளவில் நறுக்கிய இருபத்துநாலு சிலாகை. நாலு நாலாகக் கட்டினால் ஆறு சதுரச் சட்டம். ஒரு சதுரத்தின் மூலையை அடுத்ததின் மூலையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு வரவர, தட்டையாகக் கிடந்தது கைக்குள் எழும்பி உருண்டு நின்றது. சதுரங்களுக்கு இடையில் எட்டு முக்கோணம் தானாகவே விழுந்திருந்தது, யாரும் கட்டாமல். ‘அட்டபட்டம’ என்றாள் அந்தப் பெண் பிள்ளை. எட்டுப் பட்டம் என்றதும் எனக்குப் புத்தர் சொன்ன எண்வழிப் பாதை ஞாபகம் வந்தது. பசையைச் சிலாகையில் மட்டும் பூசவேண்டும், தாளில் படக்கூடாது. ஒட்டிய புதிதில் தாள் தொய்ந்து, நனைந்த சீலைபோலத் தொங்கியது. “பழுதாப் போச்சே?” என்றேன். “பொறுங்கோ,” என்றான். காற்றில் ஒரு மணித்தியாலம் காய்ந்தபின் விரலால் தட்டினான். மேளத்தோல் மாதிரி இறுகி, டப் என்றது.

பெரியம்மா தாளைத் தொடவில்லை. இரவு சாப்பிடும்போது தானாகச் சொன்னார். “புத்தரோட எனக்கு ஒரு கோவமும் இல்லைப் பிள்ளை. ராவோட ராவாக் கொண்டு வந்து வைக்கிற ஆக்களோடதான்.” 2005ஆம் ஆண்டு இதே மே மாதத்தில், பஸ் நிலையப் பக்கம் ஒரே இரவில் எழும்பிய சிலையையும் அதைத் தொடர்ந்த கடையடைப்பையும் பயத்தையும் அவர் இன்னும் மறக்கவில்லை. யார்தான் மறந்தார்கள்? ஆனாலும் விறாந்தையைக் கொடுத்திருக்கிறார். 2022இல் பெட்ரோல் இல்லாமல் ஊர் முடங்கிக் கிடந்த நாட்களில் இன்சுலின் ஊசி போட ஒவ்வொரு நாளும் வந்தவர் அந்த நேர்ஸ் அக்கா.

இரண்டாம் நாள், புதன், மே 22

இன்றைக்கு எங்கள் வைகாசி விசாகம். நாளைக்கு அவர்களுடைய வெசாக். ‘எங்கள்’, ‘அவர்கள்’ என்று எழுதும்போதே கை தயங்குகிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

விடிய அண்ணாவின் மோட்டார் சைக்கிளில் திரியாய்க்குப் போனோம். நிலாவெளி, குச்சவெளி என்று கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே போகிற வீதி. திரியாய் தமிழ் விவசாயிகளின் ஊர். 1985இல் எரிந்து, சனம் வருடக்கணக்காக அகதியாக அலைந்து, திரும்பி வந்து மறுபடி வயல் செய்த ஊர். இப்போதும் விகாரையைச் சுற்றிய காணிகள் பற்றிய மனவருத்தம் அங்கே உண்டு. அதைக் கேட்டுக்கொண்டுதான் மலை ஏறினேன். கேட்காமல் ஏறியிருந்தால் அந்த மலையை அரைவாசிதான் பார்த்திருப்பேன்.

மேலே கிரிஹண்டு சைத்தியம். நடுவில் தாதுகோபம், சுற்றி வட்டவட்டமாகக் கல் தூண்கள். அந்தத் தூண்கள் ஒரு காலத்தில் கூரையைத் தாங்கி நின்றவை. சிங்களத்தில் இதற்கு ‘வட்டதாகே’ என்று பெயர். காலை எட்டு மணிக்கே வெள்ளை உடுத்த யாத்திரிகர்கள் நிறைந்திருந்தார்கள்.

இந்த இடத்தின் கதை வெசாக்கோடு நேரே ஒட்டியது. போதி மரத்தடியில் ஞானம் பெற்ற புத்தர் வாரக்கணக்கில் உணவில்லாமல் தியானத்தில் இருக்கிறார். அந்த வழியாக வண்டி கட்டிக்கொண்டு வந்த தபஸ்ஸு, பல்லுக்க என்ற இரண்டு வியாபாரிகள் மாவும் தேனும் சேர்ந்த உணவைக் கொடுக்கிறார்கள். ஞானம் பெற்ற பிறகு அவர் உண்ட முதல் உணவு அது. அவர்கள் புத்தரையும் தம்மத்தையும் மட்டும் சரணடைந்தார்கள் என்கிறது பாளி நூல். துறவிகளின் சங்கம் என்ற ஒன்று அப்போது இன்னும் பிறக்கவே இல்லை. பதிலுக்குப் புத்தர் கொடுத்த கேசதாதுவை, அவருடைய தலைமயிரை, அவர்கள் இங்கே கொண்டு வந்து வைத்தார்கள் என்பது இலங்கை மரபு. பர்மியர்கள் அதே தாதுவை யாங்கோனின் ஷ்வேடகோனுக்குச் சொல்வார்கள். திரியாயில் பாறையில் வெட்டிய வடமொழிக் கல்வெட்டு ஒன்று, பல்லவ கிரந்த எழுத்தில், அந்த வியாபாரிகளின் பெயரைச் சொல்கிறது. கல்லில் இருப்பது கிட்டத்தட்ட ஆயிரத்து முந்நூறு வருடத்துக் கதை. எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. வெசாக் நாளில் தெருத்தெருவாகத் தன்சல் போட்டு அன்னம் கொடுக்கிறார்களே, அந்தக் கொடையின் வேரைத் தேடிப்போனால் அரசனோ முனிவரோ இல்லை, பிரயாணத்தில் இருந்த இரண்டு வியாபாரிகளும் அவர்களிடம் இருந்த கட்டுச்சோறும்தான்.

இறங்கி வந்தால் மலையடியில் ஒரு தமிழ் அம்மா பாலைப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். மஞ்சள் மணிபோன்ற பழம், பால் உதட்டில் ஒட்டும். சின்ன வயதில் ஒட்டிய உதட்டோடு வீட்டுக்குப் போய்ப் பேச்சு வாங்கியிருக்கிறேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சிங்களப் பிள்ளை தாயின் கையைப் பிடித்தபடி பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. தாய் இழுத்துக்கொண்டு நடந்தார். இந்த அம்மா கூப்பிட்டு, ஒரு கை அள்ளி அந்தப் பிள்ளையின் கையில் கொட்டினார். தாய் காசு நீட்ட வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவரும் இந்த ஊர்தான், 1985இல் வீட்டை இழந்தவர்தான், அண்ணாவுக்குத் தெரிந்தவர். “ஏனம்மா சும்மா குடுத்தனீங்கள்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“பிள்ளை பாத்துக்கொண்டெல்லே நிண்டது.”

பின்னேரம் ஊருக்குத் திரும்பி, கோட்டை வாசலால் நடந்து கோணேசர் மலைக்குப் போனேன். பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் வழக்கம்போல வீதியில் படுத்திருந்தன. போகிற வழியில் கோகண்ண விகாரையில் விளக்குச் சோடனை. மேலே கோயிலில் தீபாராதனை. போர்த்துக்கீசர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லில்தான் கோட்டையைக் கட்டினார்கள். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். அதோடு நிறுத்துகிறேன்.

விசாகமும் வெசாக்கும் ஒரே சொல். பாளியில் வேசாக்க, வடமொழியில் வைசாக, தமிழில் வைகாசி, நட்சத்திரம் விசாகம். அன்றைக்கு முருகன் பிறந்தார் என்கிறோம். அன்றைக்குத்தான் சித்தார்த்தர் லும்பினியில் பிறந்தார், புத்தகயாவில் ஞானம் பெற்றார், குசிநகரில் பரிநிர்வாணம் அடைந்தார் என்கிறார்கள் பௌத்தர்கள். மூன்றும் ஒரே பௌர்ணமி. புத்தர் மூன்றாம் தரம் இலங்கைக்கு வந்து களனியில் இறங்கியதும் அதே நாளில் என்பது இங்குள்ள மரபு.

தமிழர் இந்த நாளை அறியாதவர்கள் இல்லை. மணிமேகலையில் அமுதசுரபி கோமுகிப் பொய்கையிலிருந்து மேலே வருவது எந்த நாளில்? புத்தர் பிறந்த இந்த வைகாசி விசாகத்தில்தான். வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் தோன்றுகிற பாத்திரம், பசித்தவர் யாரென்று கேட்காமல் சோறு போடுகிற பாத்திரம். அதைத் தமிழில் பாடி வைத்திருக்கிறோம். பாடியவர் சாத்தனார், மதம் பௌத்தம், மொழி எங்கள் மொழி. ‘எங்கள்’, ‘அவர்கள்’ என்று எழுதக் கை தயங்கியது இதனால்தான்.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு வேறு ஞாபகம். “போயாக்குப் போயா லீவு விட்ட காலம் உனக்குத் தெரியுமே? ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வேலை.” உண்மைதான். 1966இலிருந்து சில வருடங்களுக்கு இலங்கையில் ஞாயிறு வேலைநாள். சந்திரனின் கால்வாசிக்கு ஒன்றாக வருகிற போயாவும் அதற்கு முந்தின நாளும்தான் வார விடுமுறை. சந்திரனைப் பார்த்து வாரம் எண்ணியதில் ஒரு வாரம் ஆறு நாள், ஒரு வாரம் எட்டு நாளாகிவிடும்! 1971இல் பழைய வாரமே திரும்பி வந்தது. வெசாக் விடுமுறை அதைவிடப் பழையது. 1883இல் கொழும்பு கொட்டாஞ்சேனையில் நடந்த கலவரத்துக்கு நியாயம் கேட்டுப் பௌத்தர்கள் எழுந்து, அவர்களுக்காக அமெரிக்கரான கேணல் ஒல்கொட் லண்டன் வரை போய்ப் பேசி, 1885 ஏப்ரல் 28 அன்றுதான் வெசாக் முதல் தரம் அரச விடுமுறை ஆனது. இந்தக் கொடியும் அதே நாளில்தான் முதலில் ஏறியது. ஆட்சியிடம் தங்கள் வழிபாட்டுக்கு மதிப்புக் கேட்டு நின்றவர்கள் வாங்கிய நாள் இது. அதை நான் வகுப்பில் இனி அழுத்தமாகச் சொல்லிக் கொடுப்பேன்.

மூன்றாம் நாள், வியாழன், மே 23, வெசாக் போயா

இறைச்சிக்கடையும் சாராயக்கடையும் பூட்டு. காலை ஆறரைக்கே பன்சலை என்கிற விகாரைப் பக்கம் வெள்ளைச் சீலைகள். சில் எடுப்பவர்கள் இன்று எட்டு ஒழுக்கம் காப்பார்கள். அதில் ஒன்று, மத்தியானத்துக்குப் பிறகு திட உணவு இல்லை. எங்கள் கந்தசஷ்டி விரதக்காரரின் முகத்தில் இருக்கிற அதே களைப்பும் அதே தெளிவும்.

தெரிந்த தம்பி ஒருவர் ஓட்டோவில் கன்னியா வழியாக என்னை வெல்கம் விகாரைக்குக் கொண்டுபோனார். பெரியகுளத்துக்குக் கிட்ட, காட்டு மரங்களுக்கு நடுவில். சனம் குறைவு. செங்கல் அடித்தளங்கள், இடிந்த தாதுகோபம், நின்ற கோலத்தில் ஒரு புத்தர் கற்சிலை. பழைய காலத்தில் சுற்றுவட்டத் தமிழர் இதை ‘நாதனார் கோயில்’ என்று சொல்லி வந்தார்கள். 1929இலும் பின்னர் 1950களிலும் பரணவிதான தலைமையில் தொல்லியலாளர்கள் தோண்டியபோது தமிழ்க் கல்வெட்டுகள் வெளியே வந்தன. அப்போதுதான் இதன் சோழர் காலத்துப் பெயர் வெளிச்சமானது: வெல்கம் வேரமான இராசராசப் பெரும்பள்ளி.

சோழர் அனுராதபுரத்தை வீழ்த்தி, பொலநறுவையைத் தலைநகராக்கி, பல விகாரைகளைக் கொள்ளையடித்ததும் வரலாறு. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்த விகாரை அழியவில்லை. மாறாக, இராசராசனின் பெயரையே தாங்கி, தமிழர் கொடுத்த தானத்தால் வளர்ந்தது. அதே இராசராசன் நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தவன். இந்த இடத்து அடித்தளங்களைப் பார்த்தால் தமிழ்நாட்டுக் கோயில் கட்டிய கைகள் தெரிகின்றன. கொடுத்தவர்கள் எழுதியதும் தமிழில்தான்.

என்ன கொடுத்தார்கள்? விளக்கு. பசு. காசு.

நந்தா விளக்கு என்றால் அணையாத விளக்கு. கொடுக்கிறவர் வெறும் விளக்கைக் கொடுத்துவிட்டுப் போகமாட்டார். அது எரிய நெய் வேண்டும், நெய்க்குப் பால் வேண்டும், பாலுக்கு மாடோ ஆடோ வேண்டும். அதனால் மந்தையையே எழுதி வைப்பார்கள். சோழநாட்டுக் கோயில்களில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது பெரும்பாலான கணக்கு. ‘சாவா மூவாப் பேராடு’ என்று அந்தக் கல்வெட்டுகள் சொல்லும். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டி போட்டு, எண்ணிக்கை குறையாமல் இடையர் பார்த்துக்கொள்வார். தானம் மட்டும் சாகாது, மூப்படையாது. அதே வழக்கத்தைத்தான் இங்கே புத்தருக்குச் செய்திருக்கிறார்கள். விளக்கும் மந்தையும் அதே, எழுத்தும் அதே, முன்னால் நிற்கிற கடவுள்தான் வேறு. புத்தரைக் கடவுள் என்றதற்குப் பௌத்தர்கள் மன்னிக்கவேண்டும், எனக்கு வேறு சொல் வரவில்லை.

எழுத்துக் கல் ஒன்றின் முன்னால் குந்தி இருந்து அரை மணித்தியாலம் கண்ணால் தடவினேன். தேய்ந்துவிட்டது. வெயில் சாய்வாக விழுந்த ஒரு மூலையில் ‘ள’கரத்தின் சுழி தெரிந்தது, பிறகு ஒரு ‘ப’. பள்ளி என்று வாசிக்க ஆசைப்பட்டேன். நிச்சயமாக அதுதானா என்று சத்தியம் செய்யமாட்டேன். பள்ளி என்பது சமண பௌத்தத் துறவிகள் தங்கிய இடம். அந்தத் திண்ணையில் பிள்ளைகள் படித்துத்தான் நாங்கள் பள்ளிக்கூடம் என்கிறோம் என்பார்கள். முஸ்லிம்கள் பள்ளிவாசல் என்கிறார்கள். பத்து வயதிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொன்ன சொல் இப்படி ஒரு காட்டுக்குள் கல்லாகக் கிடக்கிறது.

சில் எடுத்த ஒரு சிங்களக் கிழவி பக்கத்தில் வந்து நின்று, நான் என்ன பார்க்கிறேன் என்று குனிந்து பார்த்தார். “தெமள அகுரு,” என்றேன், தமிழ் எழுத்து. “மே?” என்று கல்லைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் தட்டிலிருந்து ஒரு தாமரைப் பூவை எடுத்து, “துவே, மல் பூஜா கரன்ன,” என்று என் கையில் வைத்தார். மகளே, பூ வையுங்கோ. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய், நின்ற புத்தருக்கு முன்னால் பூவை வைத்தேன். கையோடு கொண்டுபோன தேங்காயெண்ணெயில் ஒரு சுட்டி விளக்கும் ஏற்றினேன். கச்சான் இரண்டு தரம் அணைத்தது. மூன்றாம் தரம் அந்தக் கிழவி தன் வெள்ளைச் சால்வையை மறைப்பாகப் பிடித்தார். எரிந்தது.

கன்னியாவில் இறங்கவில்லை. அப்பாவின் அந்தியேட்டிச் சடங்கு ஞாபகம் அங்கே இருக்கிறது. இன்னொரு நாள்.

இரவு நேர்ஸ் அக்கா, அவருடைய மகள், பேரன், நான், நாலு பேரும் வெளிக்கிட்டோம். பெரியம்மா கால் உளைவு என்று சொல்லி வீட்டில் நின்றுவிட்டார். கடற்கரைப் பக்கமும் துறைமுகப் பக்கமும் கூடுகள். தாமரை, கப்பல், சுழலும் சக்கரம், என்னவெல்லாமோ. காற்றில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ஆடின. தோரணத்தில் சிவி ஜாதகம். குருட்டுப் பிராமணனுக்குத் தன் இரண்டு கண்ணையும் தோண்டிக் கொடுத்த அரசன் கதை, ஒவ்வொரு சட்டமாக மின்குமிழ் எரிந்து அணைய, ஒலிபெருக்கியில் கவியாகச் சொல்கிறார்கள். “இது எங்கட சிபிச் சக்கரவர்த்தி எல்லே? புறாவுக்குத் தொடையை அறுத்துக் குடுத்தவர்?” என்றான் பேரன். அவர்தான். அவர் வழி வந்தவர்கள் என்றுதான் சோழர்கள் பெருமை பேசினார்கள். நேர்ஸ் அக்காவின் மகளுக்கு அவன் புறாக் கதை சொன்னான், அவள் இவனுக்குக் கண் கதை சொன்னாள். எது கூட நோகும் என்று இரண்டு பேரும் வெகுநேரம் வாதாடினார்கள்.

தன்சல் கொடியோடு பொடியன்கள் நடுவீதியில் நின்று வாகனங்களை மறித்தார்கள். ஓட்டோ, லொறி, கார், யாருக்கும் விலக்கு இல்லை. சர்பத் ஒரு இடத்தில், கடலை ஒரு இடத்தில், ஐஸ்கிறீமுக்கு ஒரு மைல் வரிசை. நாங்கள் மரவள்ளிக் கிழங்குத் தன்சலில் நின்றோம். எங்களுக்கு முன்னால் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம், பின்னால் சீருடை கழற்றிய நேவிப் பொடியன் ஒருவன். கிழங்கு ஆவி பறக்க வந்தது, மேலே தேங்காய்ப்பூ, ஓரத்தில் கண்ணில் தண்ணி வரவைக்கும் கட்டைச் சம்பல். “தவ டிகக் கன்ன அக்கே,” இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கோ என்று பரிமாறுகிறவர் கெஞ்சினார். அந்தக் கெஞ்சல் உண்மையானது. கொடுக்கிறவன் வாங்குகிறவனைக் கெஞ்சுகிற இரவு வருடத்தில் இது ஒன்றுதான்.

கிழங்கு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. காரணத்தை நேர்ஸ் அக்கா கண்டுபிடித்துவிட்டார். “ஏன், உறைப்பா?” என்று தமிழில் கேட்டார். சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதே மாவட்டத்தில், இதே மாதம், சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்களைப் பொலிஸ் கைது செய்தது. நினைவுநாள் மே 18, போன சனிக்கிழமைதான். அவர் பத்திரிகையில் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“அந்தக் கஞ்சியில என்ன போடுறது?”

“அரிசி, தண்ணி, உப்பு. இருந்தால் கொஞ்சம் தேங்காய்ப்பால். கடைசி நாளையில சனத்துக்கு அதுதான் இருந்தது. அதுக்கு வரிசையில நிண்ட ஆக்களும் செத்தவை.”

“வாற எல்லாருக்கும் குடுக்கிறதா?”

“எல்லாருக்கும்.”

“அப்ப அது தன்சல் தானே,” என்றார்.

தட்டைக் கையில் வைத்தபடி இரண்டு பேரும் நின்றோம். எங்களுக்குப் பின்னால் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது.

நாலாம் நாள், வெள்ளி, மே 24

இன்றும் அரச விடுமுறை. மத்தியான பஸ்ஸுக்குப் போகவேண்டும்.

இரவு நாங்கள் வந்தபோது அட்டபட்டக் கூடு நேர்ஸ் அக்கா வீட்டு மாமரத்தில் எரிந்துகொண்டிருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் காற்று ஒரு முக்கோணத்தைக் கிழித்துவிட்டது, குஞ்சங்கள் முள்ளுக்கம்பியில் சிக்கிக் கிடந்தன. பேரன் மரத்தில் ஏறி இறக்கினான். இரண்டு பிள்ளைகளும் விறாந்தையில் இருந்து தாளை ஈரத்துணியால் நனைத்து நனைத்து உரித்தார்கள். உரிக்க உரிக்கச் சட்டம் மட்டும் மிஞ்சியது, ஆறு சதுரம், எட்டு முக்கோணம், ஒரு முடிச்சும் அவிழவில்லை.

“எறியிறதே?” என்று பேரன் கேட்டான்.

பெரியம்மா அடுப்படியிலிருந்து வந்தார். மூன்று நாளாகத் தொடாதவர், அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கட்டிய சதுரத்தில் ஒரு பக்கம் கோணலாக இருந்ததை விரலால் அமத்தி நேராக்கினார்.

“நல்ல மூங்கில். மேல பரணில வை. எலி கடிக்காத இடமாப் பாத்து.”